மகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்க எங்கே தொடங்குவது?

ஒட்டுசுட்டான் அம்மா:
மகள் தரம் 3. மூச்சிழுப்பு கூடினபடியால் மாரி முடியும்வரை வீட்டில்தான் படிப்பிக்கப் போகிறோம். நான் சாதாரண தரத்தோடு நின்றவள். சிக்னலும் கிணற்றடியில் மட்டும்தான். எதை வைத்துத் தொடங்கலாம்?

மாங்குளம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிள்ளை, முதலில் மருத்துவச் சான்றிதழோடு அதிபருக்குக் கடிதம் கொடுங்கள். இலங்கையில் 16 வயதுவரை கல்வி கட்டாயம், பள்ளிக்கூட இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) பெயர் இருக்கவேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் தமிழ்ப் பாடநூல்கள் இலவசம். அதைவிட முக்கியம், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி. பாடத்தை எந்தச் செயற்பாட்டோடு தொடங்குவது என்று அதில் இருக்கும். கிளிநொச்சிக்குப் போகும்போது எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

முறிகண்டி அக்கா:
தங்கச்சி, என் மகனுக்குக் கணிதம் புளியங்கொட்டையில்தான். சிரட்டைக்குப் பத்தாகப் போடுவோம். 52இல் 17ஐக் கழிக்க, வெளியே இருக்கும் இரண்டு கொட்டை ஏழை எடுக்கப் போதாது என்றதும் அவனே ஒரு சிரட்டையைக் கவிழ்ப்பான். கடன் வாங்கிக் கழித்தல் அப்படித்தான் பிடிபட்டது. காலையில் ஒன்றரை மணித்தியாலம் காணும். பிள்ளை களைத்தால் அன்றைக்கு வாசிப்பு மட்டும் போதும்.

ஒட்டுசுட்டான் அம்மா:
சரி அக்கா. ஐயா, நாளைக்கே அதிபரிடம் போகிறேன்.