மகனுக்குப் பெண் பார்க்கிறோம், ஆட்டிசத்தைச் சொல்ல வேண்டுமா?

சேலத்து அப்பா:
மகனுக்கு 28 வயது. நாலு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். நன்றாகப் பேசுவான், கணக்கு எழுதும் வேலை, சம்பளம் வருகிறது. "அமைதியான பையன் என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் தரகர். ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது என் அக்காவின் கட்சி. என்ன செய்யலாம்?

கறுப்புக்கோட்டு:
மறைக்காதீர்கள் சார். 1955 இந்து திருமணச் சட்டம், பிரிவு 12: முக்கியமான விஷயத்தில் ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால், அது தெரிந்து ஒரு வருடத்துக்குள் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆட்டிசம் அதில் அடங்குமா என்று வாதாட இடமிருக்கிறது, ஆனால் அந்த வாதம் முடியும்வரை கோர்ட் படி ஏறி இறங்குவது உங்கள் பையன். ஆயிரம் பொய்க் கணக்கில் இதைச் சேர்க்க முடியாது.

நிலாமுகில்:
எனக்கே ஆட்டிசம்தான், கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து 31 வயதில் தெரிந்தது. கால்கட்டால் ஒன்றும் சரியாகவில்லை. கெட்டிமேளம், வீடியோக்காரர் லைட், கழுத்தில் குத்தும் ஜரிகை, வரிசையாக வந்து கன்னத்தைக் கிள்ளும் அத்தைகள் எல்லாம் தாண்டி, மண்டபத்துப் பாத்ரூமில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொண்ணுக்கு வெட்கம் என்றார்கள். சார், உங்கள் பதிவில் தரகர் பேசுகிறார், அக்கா பேசுகிறார், பையன் ஒரு வார்த்தை பேசவில்லையே?

பவளமல்லி:
பையன் சரி, வரப்போகிற பெண்? என் கணவருக்கும் ஆட்டிசம். நான் 102 டிகிரி காய்ச்சலில் கிடந்தபோது "மாத்திரை போட்டாயா" என்று கேட்டுவிட்டு லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டார். ஊருக்கு அவர் தங்கமான மனிதர், குடி கிடையாது, சிகரெட் கிடையாது. அடுத்தவர் வலி தெரியாதவருக்குக் கல்யாணம் எதற்கு என்று கேட்டால் உங்களுக்கெல்லாம் கோபம் வருகிறது.

நிலாமுகில்:
வரத்தான் செய்கிறது. டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். அப்புறம் 2020இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று: ஒரு கதையைக் காது வழியாக ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை மற்றவர்கள் வரிசையைப் போலவே போய்ச் சேர்ந்தது, கலந்து உட்கார்ந்தபோதுதான் அதிகம் சிதறியது. பக்கத்தில் உட்காருங்கள், கஞ்சி வைத்துத் தாருங்கள் என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்டீர்களா?

பவளமல்லி:
கேட்டேன். வைத்துத் தந்தார், உப்புக்கூடச் சரியாக இருந்தது. அடுத்த காய்ச்சலுக்கும் கேட்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடமாக நானே கேட்டு நானே வாங்கிக்கொள்கிறேன், ஆய்வு செய்கிறவர்கள் இந்தக் களைப்பையும் அளந்தால் தேவலை.

நிலாமுகில்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவரும் இதையே சொல்வாராயிருக்கும்.

சேலத்து அப்பா:
நேற்று ராத்திரி பையனிடம் கேட்டேன். "சொல்லணும்ப்பா, ஆனா நான்தான் சொல்வேன், நீங்க சொல்லாதீங்க" என்றான். பஜ்ஜி சொஜ்ஜியோடு கூட்டமாகப் போக வேண்டாமாம், இரண்டு பேர் மட்டும் பேச வேண்டும், கேட்கப்போகிற கேள்விகளை முன்பே எழுதி அனுப்ப வேண்டும். தரகரை நிறுத்திவைத்திருக்கிறேன். அக்கா இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை.

பவளமல்லி:
நல்லது அண்ணா. அவன் சொன்ன பிறகு அந்தப் பெண்ணுக்கும் ஒரு மாதமாவது யோசிக்க விடுங்கள், ஆடிக்கு முன்னால் முகூர்த்தம் என்று அவசரப்படுத்தாதீர்கள்.