லாஸ் வேகாஸ் கேசினோவில் ஆட்டம் பார்ப்பது: பானம் உண்மையில் மலிவுதானா?

நெவாடாவாசி:
அமெரிக்கக் கால்பந்து பார்ப்பதற்குக் கேசினோவின் விளையாட்டுப் பந்தயக் கூடமான ஸ்போர்ட்ஸ்புக்கை விடச் சிக்கனமான இடம் லாஸ் வேகாஸில் இல்லை என்றே கருதுகிறேன். கிழக்குக் கரையில் பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் இங்கே காலை 10 மணிக்கே ஆரம்பமாகிவிடும். 2020இல் திறந்த சர்க்கா விடுதியில் மூன்று தளங்களுக்கு இருக்கைகளும், அவற்றின் எதிரே சுவரை நிறைக்கும் திரையும் உண்டு. கேசினோக்கள் நிறைந்த ஸ்ட்ரிப் சாலையின் மதுக்கூடங்களில் ஒரு பீருக்கே பத்து டாலருக்கு மேல் கேட்கிறார்கள்; பந்தயம் கட்டுபவருக்கோ பல கூடங்களில் கவுண்டரிலேயே இலவசப் பானச் சீட்டு கிடைத்துவிடுகிறது. எத்தனை டாலருக்கு ஒரு சீட்டு என்பது இடத்துக்கு இடம் மாறும். புள்ளி வித்தியாசப் பந்தயத்தில் 110 டாலர் கட்டி வென்றால் 100 டாலர் லாபம் என்பதே வழக்கமான விகிதம். வெல்லும் வாய்ப்பு சரிபாதி என்று கொண்டால், அதன்படி 20 டாலர் கட்டுபவரின் சராசரி இழப்பு ஏறத்தாழ 91 சென்ட்தான். பரிமாறுபவருக்கு ஒரு டாலர் டிப்ஸ் கொடுத்தாலும் மொத்தச் செலவு இரண்டு டாலரைத் தாண்டாது.

தணிக்கையாளர்:
உங்கள் கணக்கில் பிழையில்லை, ஆனால் அது முதல் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும். சென்ற ஆண்டு என் மைத்துனரும் 20 டாலரோடுதான் உட்கார்ந்தார். இரண்டாவது கோப்பை வந்ததும் பல ஆட்டங்களை ஒரே பந்தயமாக இணைக்கும், பார்லே எனப்படும் தொடர்பந்தயத்துக்கு மாறினார். மூன்று ஆட்டங்களையும் சரியாகக் கணித்தால் ஒன்றுக்கு ஆறு லாபம் என்பது கேட்கக் கவர்ச்சியாக இருக்கலாம். ஒவ்வொன்றிலும் சரிபாதி வாய்ப்பென்றால் எட்டு முறைக்கு ஒருமுறைதான் வெல்ல முடியும் என்பதால், கட்டும் பணத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் கூடத்துக்கே போகிறது. மாலையில் அவர் மேசையில் ஈரக் கோப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டு பயன்படுத்தாத பானச் சீட்டுகள் நான்கு கிடந்தன. 20 டாலரில் தொடங்கியவரின் இழப்பு அதற்குள் 340 டாலர் ஆகியிருந்தது. மது உள்ளே போனபின் மனிதர் தம் கணக்கை மறக்கிறார் என்பதை அறிந்துதான் அந்தச் சீட்டை நீட்டுகிறார்கள்.

பரிமாறியவள்:
ஆறு ஆண்டுகள் இந்த வேலை பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இலவசப் பானம் இப்போது கணக்கிட்டே தரப்படுகிறது. சில விடுதிகளின் மதுமேசைகளில் பதித்திருக்கும் வீடியோ போக்கர் சீட்டாட்ட இயந்திரங்களில், ஆடுபவர் போதுமான அளவு ஆடியபின்தான் பரிமாறுபவருக்குத் தெரியும்படி விளக்கு எரியும்.

நெவாடாவாசி:
உங்கள் மைத்துனரின் இழப்புக்காக வருந்துகிறேன். தொடர்பந்தயம் குறித்து நீங்கள் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பந்தயம் இப்போது கேசினோவை நம்பியிருக்கவில்லை. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயம் மீதான 1992ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை நீக்கிய பிறகு, பல மாநிலங்களில் வீட்டு நாற்காலியில் இருந்தபடியே கைபேசியில் கட்டுகிறார்கள். கூடத்துக்கு வருபவரோ ரொக்கத்தை எண்ணிக் கொடுத்துப் பந்தயச் சீட்டு வாங்க வேண்டும். அடுத்த பந்தயத்துக்கு எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கின்றன.

தணிக்கையாளர்:
அந்த வரிசையில் என் மைத்துனர் அன்று ஒன்பது முறை நின்றார். ஒவ்வொரு முறையும் அவர் கையில் ஒரு கோப்பை இருந்தது.