தோட்ட ஆபீஸ் சர்வர்: ஆளுக்கு லைசென்ஸா, கணினிக்கு லைசென்ஸா?

சுங்கை சிப்புட், தோட்ட ஆபீஸ் கணினிப் பராமரிப்பு

செக்ரோலையும் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) ஸ்டோர் கணக்கையும் ஒரே விண்டோஸ் சர்வரில் ஏற்றி, அவரவர் கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறக்கும் ஆபீசுகளில் முதல் 120 நாள் ஒரு குறையும் தெரியாது. அது ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் இல்லாமலே ஓடும் சலுகைக் காலம். முடிந்த மறுநாள் கிராணி (எழுத்தர்) யாரும் உள்ளே போக முடியாது; நிர்வாகி மட்டும் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறக்கும் எம்எஸ்டிஎஸ்சி (mstsc) கட்டளையோடு /அட்மின் (/admin) சேர்த்து நுழையலாம். சர்வரை நிறுவிய அன்றே லைசென்ஸ் நிலையைக் காட்டும் லைசென்சிங் டயக்னோசரைத் திறந்து பாருங்கள்.

பீடோர், சர்வர் பொருத்துபவர்

அண்ணே, தவறு வாங்கும்போதே தொடங்குகிறது. நம் பக்கத்துச் சின்ன ஆபீசுகளில் டொமைன் (எல்லாப் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) கிடையாது, கணினிகள் தனித்தனியாக இயங்கும் வொர்க்குரூப்தான். அங்கே ஆளுக்கான யூசர் லைசென்ஸ் போட்டால் 2019 முதலான சர்வர்கள் 60 நிமிடத்தில் இணைப்பைத் துண்டிக்கும். கணினிக்கான டிவைஸ் லைசென்ஸ்தான் வேலை செய்யும். பதிப்பையும் கவனியுங்கள்: 2016 லைசென்ஸ் 2019 சர்வருக்கு ஆகாது, 2019 லைசென்ஸ் 2016 சர்வருக்கு ஆகும்.

டொமைன் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். ஆபீசில் 4 பேர், 4 கணினி. எடைமேடையில் 3 ஷிப்ட் கிராணிகள், 1 கணினி. ஆள் 7, கணினி 5, எனவே டிவைஸ் மலிவு. ஆனால் மானேஜரும் பெரிய கிராணியும் வீட்டு லாப்டாப்பில் நுழைந்தால் 7 ஆகிவிடும். மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர் கைபேசியில் நுழைந்தாலும் அதுவும் ஒரு டிவைஸ். ஒரு சர்வரை ஒரு முறையில்தான் வைக்க முடியும், இரண்டையும் கலக்க முடியாது. இதோடு, ஆளுக்கோ டிவைஸுக்கோ எடுக்கும் சாதாரண விண்டோஸ் சர்வர் அணுகல் லைசென்சும் தனியாக வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

தெலுக் இந்தான், ஆலைக் கணினிப் பிரிவு

டொமைனில் யூசர் முறை வைத்தால், எண்ணிக்கை மீறினாலும் சர்வர் தடுக்காது. கட்டுப்பாடு நம் கையில்தான். நுழைய அனுமதி பெற்றவர்களின் பட்டியலான ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸில் தனித்தனிப் பெயர்களைச் சேர்க்காமல் ஒரே குழுவைச் சேர்த்து, வாங்கிய எண்ணிக்கைக்கு மேல் அந்தக் குழுவில் ஆள் போடாதீர்கள். வேலையை விட்டவரை அன்றே நீக்குங்கள். மாதம் ஒருமுறை லைசென்சிங் மேனேஜரில் அறிக்கை எடுங்கள். லைசென்ஸ்களை வழங்கும் லைசென்ஸ் சர்வர், டொமைனில் உள்ள ‘டெர்மினல் சர்வர் லைசென்ஸ் சர்வர்ஸ்’ குழுவில் இல்லாவிட்டால் அறிக்கையில் சரியான எண் வராது.

‘ஆபீஸ்’ என்று ஒரே லாகினை மூவர் பகிர்ந்தாலும் லைசென்ஸ் மூன்று வேண்டும். லைசென்ஸை எண்ணுவது மனிதரை வைத்து, லாகின் பெயரை வைத்து அல்ல. அதோடு ஒருவர் நுழைந்ததும் மற்றவர் வெளியே தள்ளப்படுவார். பாதி போட்ட செக்ரோல் அடுத்தவர் திரையில் திறந்திருக்கும்.