அந்த ஒரு செகண்ட்: 2013-ல ஆபர்ன்ல இருந்தவங்க வாங்க, பேசலாம்

கரிசல்காட்டான்:
2012 ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க அலபாமாவுல இருக்கற ஆபர்னுக்குப் போய் இறங்கினேன். ஃபுட்பால்னா கால்ல உதைக்கறதுன்னு மட்டும் தெரியும். அங்க போனா ஹெல்மெட்டு, தோள்ல பட்டை, பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு முட்டிக்கறாங்க. நாலு வாய்ப்பு, அதுக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும், இல்லன்னா பந்து எதிராளிக்கு. இது மண்டையில ஏறவே ரெண்டு மாசம் ஆச்சு. ஏறின நேரம் பாத்து எங்க ஆபர்ன் யுனிவர்சிட்டி டீம் உருப்படாம போச்சு. 12 மேட்ச், 3 ஜெயிப்பு, 9 தோல்வி. கடைசி மேட்ச்ல பரம எதிரி அலபாமா யுனிவர்சிட்டிகிட்ட 49-0. 2010-ல நாட்டுக்கே சாம்பியனா இருந்த டீம் இது! "நீ வந்த நேரம்டா"ன்னு சீனியர் அண்ணன் ஒருத்தர் என்னையே குத்திக் காட்டுவார்.

அதுக்கு மேல ஒரு துக்கம். டூமர்ஸ் கார்னர்ல ரெண்டு பழைய ஓக் மரம் இருந்துச்சு. டீம் ஜெயிச்சா ஊரே திரண்டு போய் டாய்லெட் பேப்பர் ரோலை மரத்து மேல வீசும். நம்ம ஊர்ல பட்டாசு, அங்க பேப்பர், அவ்வளவுதான் வித்தியாசம். 2010-ல ஆபர்ன்கிட்ட தோத்த கடுப்புல அலபாமா ரசிகர் ஒருத்தர் அந்த மரங்களுக்கு விஷம் வெச்சுட்டார். வெச்சது போதாதுன்னு ரேடியோவுக்கு ஃபோன் போட்டு அவரே சொல்லவும் செஞ்சார். 2013 ஏப்ரல்ல மரங்களை வெட்டினாங்க. அப்புறம் அந்த இடத்துல கம்பம் நட்டு ஒயர் கட்டி விட்டாங்க, பேப்பர் வீசறதுக்குன்னே. மரம் போனாலும் வழக்கம் போகல.

அந்த ஆகஸ்ட்ல யாருக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. கோச்சா கஸ் மல்ஸான் புதுசா வந்திருந்தார். 2010 டீம்ல தாக்குதல் பக்கத்தைப் பாத்துக்கிட்டவர். செப்டம்பர்ல எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) கிட்ட 35-21 தோத்தப்ப, சரி, போன வருஷக் கதைதான்னு நெனச்சேன். அக்டோபர்ல டெக்ஸஸ் ஏ அண்ட் எம் ஊர்லயே போய் 45-41 ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் லேபுல பேச்சே மாறுச்சு. மத்தவங்க சொல்லுங்க.

சைதாப்பேட்டை எக்ஸ்பிரஸ்:
நான் பண்ண முட்டாள்தனத்தை இங்கயாவது இறக்கி வெச்சுக்கறேன். நவம்பர் 16, ஜார்ஜியா மேட்ச். கடைசி கால் பகுதியில நாம 37-17. ஜெயிச்சாச்சுன்னு ஹாயா உக்காந்திருந்தேன். அவங்க மூணு டச்டவுன் (பந்தை எதிராளி எல்லைக்குள்ள கொண்டு போறது) அடிச்சு 38-37-ன்னு தாண்டிட்டாங்க. திங்கக்கிழமை அசைன்மென்ட் வேற. எழுந்து நடையைக் கட்டிட்டேன். "இருடா, நிமிஷம் பாக்கி இருக்கு"ன்னு ஃபிரெண்டு சொன்னான். நான் கேக்கல.

கேட்டைத் தாண்டி, மக்காச்சோளம் சுடற அடுப்புக்கிட்ட வந்துட்டேன். உள்ள நாலாவது வாய்ப்பு, இன்னும் 18 கெஜம் வேணும். பந்தை வீசற ஆளான எங்க குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் கண்ணை மூடிக்கிட்டு வீசின மாதிரி ஒரு எறி. ஜார்ஜியாக்காரங்க ரெண்டு பேர் ஒரே பந்துக்குத் தாவி, ஒருத்தரை ஒருத்தர் கெடுத்து, பந்து எகிறி பின்னாடி ஓடிட்டிருந்த ரிக்கார்டோ லூயிஸ் கைக்குப் போச்சு. 73 கெஜம். 43-38. இதெல்லாம் ராத்திரி யூடியூப்ல பாத்தது. எனக்கு நேர்ல கிடைச்சது சத்தம் மட்டும். சோளக்காரர் இடுக்கியோட அப்படியே நின்னுட்டார். நான் திரும்பி கேட்டுக்கு ஓடினேன், வெளிய போனா மறுபடி உள்ள விட மாட்டாங்களாம்.

இதுல ஒரு கூத்து, மார்ஷல் முதல்ல ஜார்ஜியா டீம்லயே இருந்தவர். அங்கிருந்து நீக்கிட்டாங்க. கான்ஸஸ்ல ஒரு சின்ன காலேஜ்ல ஆடிட்டு ஆபர்னுக்கு வந்தார்.

தாமிரபரணி:
சைதாப்பேட்டை அண்ணே, அந்தப் பாடம் எனக்கு உதவுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு நவம்பர் 30, அயர்ன் பவுல், அதாவது ஆபர்ன்-அலபாமா மேட்ச். லேப்மேட் அவ தம்பிக்கு வாங்கின டிக்கெட்டை எனக்குக் கொடுத்தா. நாட்டு ரேங்கிங்ல நாம நாலாவது இடம், அலபாமா முதலிடம், அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் சாம்பியன். எண்பத்தேழாயிரம் பேர் உக்கார்ற ஸ்டேடியம். மேட்சுக்கு முன்னாடி நிஜக் கழுகு ஒண்ணை மைதானத்தைச் சுத்திப் பறக்க விடுவாங்க. அது வட்டமடிக்கற வரைக்கும் "வாஆஆர்"னு இழுத்து, தரையில இறங்கினதும் "ஈகிள்"னு முடிக்கணும், "வார் ஈகிள்"தான் ஆபர்ன் கோஷம். எனக்கு முதல் தடவை மூச்சு பத்தல.

28-21-ன்னு பின்தங்கி இருந்தோம். 32 செகண்ட் பாக்கி இருக்கறப்ப சம்மி கோட்ஸுக்கு 39 கெஜ பாஸ், 28-28. அலபாமா கடைசியா ஒரு ஓட்டம் ஓடி வெளிய போனப்ப கடிகாரம் பூஜ்யம். எக்ஸ்ட்ரா டைம்னு நெனச்சோம். அவங்க கோச் நிக் சேபன் வாதாடி, வீடியோ பாத்து ஒரு செகண்டைத் திருப்பி வாங்கிட்டார். அந்த ஒரு செகண்டுக்கு 57 கெஜத்துலேருந்து போஸ்டுக்கு நடுவுல உதைக்கற ஒரு கிக், போனா மூணு பாயிண்ட்.

நான் பாத்தது போஸ்டுக்குக் கீழ தனியா நின்ன எங்க 11-ஆம் நம்பர். கிறிஸ் டேவிஸ். என் பக்கத்துல ஆரஞ்சு ஸ்வெட்டர் போட்ட பாட்டி ஒருத்தங்க என் மணிக்கட்டைப் பிடிச்சிருந்தாங்க, நகம் பதியற அளவுக்கு. பந்து எட்டல. குறைஞ்சு விழற கிக்கை எடுத்துக்கிட்டு ஓடலாம்ங்கற விதியே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கிக்குக்காக உள்ள நின்னவங்க எல்லாம் மலை மாதிரி ஆளுங்க, துரத்தறதுக்கு ஆகாது. டேவிஸ் ஓரக்கோட்டை ஒட்டியே போனார். பாதி மைதானம் தாண்டினதும் பாட்டி கையை விட்டுட்டாங்க. ரெக்கார்டுல 100 கெஜம்னுதான் போடுவாங்க, அவர் ஓடினது 109. 34-28.

அப்புறம் ஓரத்துல இருந்த செடி வேலியை மிதிச்சுக்கிட்டு எல்லாரும் மைதானத்துக்குள்ள. என் செருப்பு ஒண்ணு அதுலயே போச்சு. ஒத்தச் செருப்போட டூமர்ஸ் கார்னர் வரைக்கும் நடந்தேன். ஒயரே தெரியல, எல்லாம் வெள்ளை.

ஒத்தையடிப்பாதை:
டஸ்கலூசாவுல இருக்கற அலபாமா யுனிவர்சிட்டியில படிச்சவன் நான், எதிரிப் பக்கம். திட்டாதீங்க. ஒன்பது தமிழ்ப் பசங்க, ஒரு டீவி, ஒரு அண்டா பிரியாணி. அந்த செகண்டைத் திருப்பிக் கொடுத்தப்ப நாங்க விசிலடிச்சோம். யோசிச்சுப் பாருங்க, கேக்காம விட்டிருந்தா எக்ஸ்ட்ரா டைம். எங்க ரெகுலர் கிக்கர் கேட் ஃபாஸ்டருக்கு அன்னிக்கு மூணு கிக் வீணாப் போயிருந்துச்சு. அதான் கடைசி கிக்குக்கு ஆடம் கிரிஃபித்னு ஒரு சின்னப் பையனை அனுப்பினாங்க. பாவம் அந்தப் பசங்க. ஊர் முழுக்கத் திட்டினது அவங்களை, ஒரு கெஜம் போதும்ங்கற இடத்துல முட்டி நின்னு போன ஆட்டத்தை யாரும் பேசல. பிரியாணி அப்படியே இருந்துச்சு. மறுநாள் காலையில சூடு பண்ணிச் சாப்பிட்டோம், யாரும் யாரையும் பாக்கல.

கரிசல்காட்டான்:
ஒத்தையடி, பழைய பிரியாணிக்குத் தனி ருசி. உங்களுக்கு ஆறுதலா நாங்களும் அழுதோம். எங்க லீக் ஃபைனல்ல மிசௌரியை 59-42 அடிச்சு (ட்ரே மேசன் ஒரே ஆள் 304 கெஜம் ஓடினார்), ஜனவரி 6, பசடீனா ரோஸ் பவுல் ஸ்டேடியத்துல ஃபுளோரிடா ஸ்டேட்டோட நாட்டு சாம்பியன்ஷிப் ஃபைனல். ஒரு கட்டத்துல நாங்க 21-3 முன்னால. 13 செகண்ட் பாக்கியில அவங்க ஜேமிஸ் வின்ஸ்டன் வீசி, கெல்வின் பெஞ்சமின் எகிறிப் பிடிச்சார். 34-31, போச்சு. ஒரு செகண்ட்ல ஜெயிச்சவன் 13 செகண்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணியிருக்கணும்? அன்னிக்கு ஒண்ணும் நடக்கல.

பவளமல்லி:
நான் படிக்கப் போகல, வீட்டுக்காரர் படிச்சார், நான் டிபெண்டன்ட் விசா. எனக்கு இந்த ஆட்டம் அன்னிக்கும் புரியல, இன்னிக்கும் புரியல. சனிக்கிழமைன்னா வெள்ளி சாயங்காலமே காரை வேற இடத்துல போடணும், மறந்தா தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஒரு தடவை தூக்கிட்டாங்க, ஒரு மாச மளிகைக் காசு அதுல போச்சு.

அந்த நவம்பர்ல எங்க பையனுக்கு மூணு மாசம். ஸ்டேடியத்துலேருந்து ஒரு மைல் தள்ளி அபார்ட்மென்ட். தோள்ல போட்டு ஒரு மணி நேரம் தட்டித் தூங்க வெச்சு, மெதுவா இறக்கிப் படுக்க வெச்சேன். அப்ப வந்துச்சு பாருங்க ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. வீல்னு எழுந்துட்டான். ரெண்டு வாரம் முன்னாடி ஜார்ஜியா மேட்சுக்கும் இதே கதை. இவர் அன்னிக்கு ராத்திரி தொண்டை போய் வந்து ஊமை மாதிரி கையால ஆடிக் காட்டறார், நான் பிள்ளையை அவர் கையில கொடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டேன்.

வருஷா வருஷம் நவம்பர்ல அந்த ஓட்டத்தைப் போட்டு, பையனைக் கூப்பிட்டுக் காட்டுவார். "அப்பா, இது ஏற்கெனவே முடிஞ்ச மேட்ச்தானே?"ங்கறான். அவனுக்கு செஸ்தான்.