புது மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்ததில்

செல்லூரிலிருந்து:

தனித்தொட்டி என்றாலே மருந்து போடும் இடம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வாங்கி வந்த அன்றே மெத்திலீன் ப்ளூவை ஊற்றி நீலமாக்கிவிட்டால் அப்புறம் மீனை எப்படிப் பார்ப்பது? என்னைக் கேட்டால் அது பார்ப்பதற்கான தொட்டி. என்னுடையதில் மணல், செடி எதுவும் கிடையாது. மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ (வளைந்த குழாய்த் துண்டு), பெரிய தொட்டியில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் பழைய ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியாதான் மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவைக் கவனித்துக்கொள்ளும், புது ஸ்பாஞ்சால் அது உடனே முடியாது. மெத்திலீன் ப்ளூ அந்த பாக்டீரியாவையும் சேர்த்தே கொன்றுவிடும்.

போன கோடையில் வாங்கிய கப்பிகள் நன்றாகத்தான் தின்றுகொண்டிருந்தன. ஒரு பெண் கப்பி மட்டும் அசையாமல் நிற்கும்போது கழிவுத் துவாரத்தில் மூன்று நான்கு சிவப்பு நூல் எட்டிப் பார்த்தது, வாலை அசைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டது. கமலானஸ் புழு, மீனின் குடலில் ஒட்டி வாழ்வது. இது முட்டை போடாமல் குட்டிப் புழுவாகவே வெளியே விடும், கீழே விழுவதைத் தின்கிற மீனுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். செடி அடர்ந்த தொட்டியாக இருந்தால் என் கண்ணில் பட்டே இருக்காது.

இதற்கு லெவமிசோல் கேட்கும். ஆட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கிறார்களே, அதேதான், கால்நடை மருந்துக் கடையில் கிடைத்தது. வேறு மருந்து கலந்ததும் விற்கிறார்கள், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கை அணைத்துவிட்டு 24 மணி நேரம். புழு மரத்துப்போய் வெளியே வந்து விழும், அடியைக் குழாய் வைத்து உறிஞ்சாமல் விட்டால் போட்ட மருந்து வீண். மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை.

உசிலம்பட்டியிலிருந்து:

அண்ணே, எனக்கு வந்தது வெள்ளைப்புள்ளி நோய். வாங்கியது டெட்ரா மீன், கடையில் பளிச்சென்றுதான் இருந்தது. நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருப்பதால் அந்தக் கிருமியின் வாழ்க்கைச் சுற்று சீக்கிரம் முடிகிறது, குளிர் ஊர்களில் வாரக்கணக்கில் இழுப்பது இங்கே சில நாளிலேயே உப்புத் தூவியது போல் தெரிந்துவிட்டது. கிருமி மீனின் தோலுக்குள் இருக்கும்வரை மருந்து தொடாது, வெளியே நீந்தித் திரியும்போதுதான் சாகும், அதனால் புள்ளி மறைந்த பிறகும் நிறுத்தவில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, கரண்ட் வேறு போகும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். மாடித் தொட்டித் தண்ணீரை மதியம் பிடித்து ஊற்றிவிடாதீர்கள், கையே சுடுகிறது. சரி, எல்லாம் முடிந்ததும் அந்த ஸ்பாஞ்சைத் திரும்பப் பெரிய தொட்டியில் போடலாமா?

செல்லூரிலிருந்து:

வேண்டாம் தம்பி. மொட்டை மாடி வெயிலில் மொறமொறவென்று காயப் போடுங்கள், வலை, குழாய் எல்லாமே. பெரிய தொட்டியில் எப்போதும் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஓடட்டும், அடுத்த மீன் வாங்கும்போது அதை எடுத்துத் தனித்தொட்டியில் போட்டுக்கொள்ளலாம்.