ஏர் எடுத்தும் நிற்காத கிளட்ச் பெடல், யாராவது வழி சொல்லுங்கள்

முப்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார், ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தில் இயங்குவது). ஆறு மாதமாக ஒரே தொல்லை. ஏர் எடுத்துவிட்டால் (ஆயில் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்) இரண்டு வாரம் பெடல் கல் மாதிரி நிற்கும். அப்புறம் ஒருநாள் காலையில் மிதித்தால் தரைவரை போய்விடும், ரிவர்ஸ் கியர் கரகரவென்று கத்தும். நாலைந்து முறை வேகமாக மிதித்தால் மறுபடி பிடிக்கிறது.

கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் புதிது. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு சீல் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள்) மட்டும் போட்டேன். உள்சுவரில் லேசாகப் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தது. பரவாயில்லை என்று விட்டேன். இப்போது அதுதான் உறுத்துகிறது. ரிசர்வாயரில் (ஆயில் ஊற்றும் டப்பா) டாட் 4 ஆயில் (பிரேக், கிளட்ச் திரவம்) மட்டம் குறையவே இல்லை. பெடலுக்கு மேலேயும் ஸ்லேவின் ரப்பர் உறைக்குள்ளும் ஈரமே இல்லை.

வெளியே கசியாமல் பெடல் இறங்கினால், மாஸ்டர் சீலைத் தாண்டி ஆயில் ரிசர்வாயருக்கே திரும்புகிறது என்று நினைக்கிறேன். சரி, அப்படியானால் ஏர் எடுத்ததும் இரண்டு வாரம் ஏன் ஒழுங்காக இருக்கிறது? பெடல் மேலே வரும்போது ஏதோ ஒரு சீல் காற்றை உறிஞ்சுகிறதோ? வண்டி ஆறிய நிலையிலேயே இந்தத் தொல்லை வருவதால் சூட்டில் ஆயில் கொதிக்கிறது என்ற கதை ஒட்டவில்லை.

ரப்பர் ஹோஸைக் கவ்வி அடைத்துவிட்டு மிதித்துப் பார்க்கலாமா? அப்போதும் பெடல் இறங்கினால் மாஸ்டர்தான். ஆனால் ஹோஸும் பழசு, வெடித்துவிடுமோ என்று பயம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.