வீடு முழுக்க ஒரே அடர் மங்கல் நிறம்: அடிக்கும் முன் என்ன கவனிக்கணும்?

கேள்வி:
ஹால், நடைவழி, ரெண்டு படுக்கையறை எல்லாத்துக்கும் சாம்பல் கலந்த கரும்பச்சை ஒண்ணே ஒண்ணு அடிக்கலாம்னு முடிவு. ஷேட் கார்டில் எல்.ஆர்.வி. (நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்கிற அளவு) 11னு போட்டிருக்கு. சுவர்ப் பரப்பு மொத்தம் 140 சதுர மீட்டர், இப்போ இருக்கிறது வெள்ளை எமல்ஷன். நடைவழிக்கு ஜன்னலே கிடையாது. எத்தனை லிட்டர் வாங்கணும்? சீலிங்கை வெள்ளையா விடலாமா? மினுக்கம் இல்லாத மேட் நல்லதா, லேசா மினுங்குற சாட்டினா?

பதில் 1:
அந்த 11 என்கிற எண்ணைக் கொஞ்சம் யோசிங்க. சுவரில் விழும் வெளிச்சத்தில் 11 சதவீதம்தான் திரும்பி வரும்னு அர்த்தம். வெள்ளைச் சுவர் 85 வரைக்கும் திருப்பிக் கொடுக்கும். அறையில் நாம பார்க்கிற வெளிச்சத்தில் பெரும்பங்கு சுவரில் பட்டுத் தெறிச்சு வர்றது. அது போயிட்டா, சீலிங் நடுவில் இருக்கிற ஒத்தை விளக்கின் கீழே மட்டும் வெளிச்சம், மூலையெல்லாம் இருட்டு. அதனால விளக்கு எங்கெங்கே வரும்னு முடிவு பண்ணிட்டுத்தான் பெயிண்ட் வாங்கணும். ஒரு பெரிய விளக்குக்குப் பதிலா நாலஞ்சு சின்னது, அதில் பாதி கண் மட்டத்துக்குக் கீழே. 2700 முதல் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல் வெளிச்சம்), சி.ஆர்.ஐ. (பல்பு நிறத்தை எவ்வளவு சரியாக் காட்டும் என்கிற அளவு) 90க்கு மேல். சி.ஆர்.ஐ. குறைஞ்ச பல்பில் இந்த மாதிரி பச்சை சேற்று நிறமாத் தெரியும்.

சாம்பிளை வெள்ளைச் சுவரில் நேரா அடிச்சுப் பார்க்காதீங்க. சுற்றி இருக்கிற வெள்ளை அதை இன்னும் கருப்பாக் காட்டும். பெரிய அட்டையில் ஓரம் விடாமல் ரெண்டு கோட் அடிச்சு, தரையோடும் சோபாவோடும் ஒட்டி நிறுத்தி, காலை, மாலை, ராத்திரி மூணு நேரமும் பாருங்க.

சீலிங் விஷயத்தில் என் கருத்து: நடைவழிக்கு வெளுப்பாகவே விடுங்க, அங்கே தெறிக்கிற வெளிச்சம் தேவை. ஆனா பளீர் வெள்ளை வேண்டாம், கத்தியால் வெட்டின மாதிரி கோடு தெரியும். அதே பச்சைச் சாயல் லேசா ஓடுற வெளுப்பு எடுங்க. படுக்கையறையில் சீலிங்கையும் சேர்த்து அடிச்சுடலாம், கோடே இல்லாததால் உயரம் குறைஞ்ச மாதிரி தோணாது.

பதில் 2:
வேலைப் பக்கம் சொல்றேன். அடர்நிறம் கலக்கிற பேஸில் (சாயம் சேர்க்கும் முன் இருக்கிற பெயிண்ட்) மறைக்கும் வேலையைச் செய்யுற வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு ரொம்பக் குறைவு. பார்க்கக் கருப்பா இருந்தாலும் மறைக்கும் சக்தி கம்மி, அடியில் இருக்கிற வெள்ளை எட்டிப் பார்க்கும். அதனால சாம்பல் சாயம் சேர்த்த பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், அதுக்கு மேல ரெண்டு கோட். பிரைமர் வெள்ளைன்னா மூணாவது கோட்டும் கேட்கும். லிட்டருக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வெச்சா, பிரைமர் 14 லிட்டர், பெயிண்ட் 28 லிட்டர், டச்-அப்புக்கு மூணு லிட்டர் சேர்த்து 31. அந்த 31ஐயும் ஒரே தடவையில் வாங்கிப் பெரிய வாளியில் ஒண்ணாக் கொட்டிக் கலக்குங்க. டின்னுக்கு டின் வர்ற சின்ன வித்தியாசம் வெள்ளையில் தெரியாது, இதில் நடுச்சுவரில் பட்டை பட்டையாத் தெரியும்.

பிரைமர் காய்ஞ்சதும் விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைச் சுவரோடு படுக்க வெச்சு அடிச்சுப் பாருங்க. பட்டித் தகடு இழுத்த கோடு, ஆணி அடைச்ச மேடு எல்லாம் நிழலோட எழும்பும். அங்கங்கே பென்சிலால் வட்டம் போட்டு, பட்டி பார்த்து, 220 எமரி தாளால் தேய்ச்சு, அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் பிரைமர். இந்த அரை நாளை மிச்சப்படுத்தவே கூடாது.

அதிகம் கெடுறது ஓரத்தில்தான். நாலு ஓரமும் பிரஷ்ஷால் அடிச்சு முடிச்சு, அது காய்ஞ்ச பிறகு நடுவில் ரோலர் ஓட்டினா, போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி ஓரம் மட்டும் கருத்து நிற்கும். ரெண்டு மீட்டர் ஓரம், உடனே ஈரத்தோட ரோலர், அடுத்த ரெண்டு மீட்டர். ஒரு சுவரை ஆரம்பிச்சா மூலை வரைக்கும் நிறுத்தக் கூடாது. கோட்டுக்கு நடுவில் டின்னில் போட்டிருக்கிற நேரத்துக்கு மேலேயே விடுங்க. சாயம் அதிகம் சேர்ந்ததால் காய லேட்டாகும்.

கேட்டவர்:
நன்றி. குளியலறைக்கும் இதே நிறம் அடிக்கலாமா? மேட்டா சாட்டினா என்பதுதான் இன்னும் குழப்பம்.

பதில் 3:
சுவருக்கு மேட், ஆனா கழுவித் துடைக்கக்கூடிய வகை மேட். சாதா மேட்டில் நகம் பட்டாலே வெள்ளைக் கோடு விழும், அழுத்தித் துடைச்ச இடம் பளபளன்னு மாறிடும். சாட்டின் சுவரின் மேடுபள்ளம் அத்தனையையும் காட்டிக் கொடுக்கும், அதைக் கதவுக்கும் நிலைக்கும் வெச்சுக்கோங்க. நிறம் ஒண்ணு, மினுக்கம் வேற, அதுவே போதுமான வித்தியாசம்.

குளியலறைக்கு அடிக்கலாம். ஆனா பெயிண்ட் சரியா இறுகும் முன்னாடி ஆவி பட்டா, சுவரில் பிசுபிசுன்னு பழுப்புக் கோடு வழியும். பெயிண்டுக்குள் இருக்கிற, தண்ணியில் கரையும் பொருள் வெளியே வர்றதுதான் அது. அடிச்ச பிறகு சில நாள் வெந்நீர்க் குளியல் இல்லாமல், காற்றுப் போக்கி ஓடட்டும். மீறி வழிஞ்சா வெதுவெதுப்பான தண்ணியில் நனைச்ச துணியால் மெதுவா ஒத்தித் துடைங்க, அழுத்தக் கூடாது.

இன்னொண்ணு, அந்தச் சுவரின் மறுபக்கம் ஓதம் இருந்தா பெயிண்ட் வேலையைத் தள்ளிப் போடுங்க. உப்புப் பூத்தா வெள்ளைச் சுவரில் கண்ணுக்குப் படாது, கரும்பச்சையில் சுண்ணாம்பு தூவின மாதிரி நிற்கும். உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால் தட்டி எடுக்கணும். தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளேயே போயிடும். முதலில் கசிவை அடைச்சு, சுவர் முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் பிரைமர்.